உஷாரான ஆளுங்க புது சாப்பாடு, புது அனுபவம் பழகிக்கிறது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

"துணிஞ்சு இறங்கிடு, என்ன ஆயிடப் போகுது"ன்னு சொல்றவங்களால நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. என்ன ஆயிடப் போகுதுங்கறதுக்கு நம்மகிட்ட ஏற்கனவே ஒரு லிஸ்ட் ரெடியா இருக்கும். வயித்துக்கு ஒத்துக்கலைன்னா? வாயில வச்சதும் குமட்டிட்டா? எல்லாரும் பாக்குறப்ப துப்ப முடியாம மாட்டிக்கிட்டா? அந்த கிளாஸ்ல எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருந்து நான் மட்டும் முழிச்சிக்கிட்டு நின்னா?

இந்த வழிகாட்டி அந்த லிஸ்ட் போடற ஆளுங்களுக்குத்தான். உங்களை வேற ஆளா மாத்தறது இங்க வேலை இல்ல. உஷாரா இருக்கறவங்களுக்கு திட்டம் போட வரும், சின்ன வித்தியாசம் கூட உடனே தெரியும், அவசரப்பட மாட்டாங்க, இதையெல்லாம் வச்சே வேலை வாங்கலாம். அடிப்படையா நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு: முதல் தடவை வாயில வைக்கறது பிடிச்சிருக்கா இல்லையான்னு முடிவு பண்றதுக்குன்னு நினைக்காதீங்க, அது "புதுசு"ங்கற பயம் கொஞ்சம் விலகறதுக்கு மட்டும்தான். தீர்ப்பை நாலாவது அஞ்சாவது தடவைக்கு தள்ளி வைங்க. இந்த ஒரு மாத்தத்துலயே பாதி டென்ஷன் போயிடும், ஏன்னா முதல் தடவைக்கு பாஸ் ஃபெயில் கிடையாதுன்னு ஆயிடுது.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி: இது ஏன் இப்படி இருக்கு

உங்க மேல தப்பு இல்லைங்கறத முதல்ல தெரிஞ்சுக்கோங்க. எதை வேணாலும் சாப்பிடற உயிரினத்துக்கு ஒரு பெரிய சிக்கல் இருக்கு. புதுசா எதையும் தொடலைன்னா சத்து கிடைக்காது, தொட்டா விஷமா இருக்கலாம். இந்த ரெட்டை நெருக்கடியைப் பத்தி பால் ரோசின்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் 1976லயே எழுதிட்டார். எலி கூட இப்படித்தான், புது தீனி வச்சா ஒரே ஒரு கடி கடிச்சுட்டு போயிடும், உடம்புக்கு ஒண்ணும் ஆகலைன்னா தான் திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் தின்னும். எலி பண்றது ரொம்ப நல்ல டெக்னிக், நாமளும் அதைத்தான் பண்ணப் போறோம்.

இன்னொன்னு, இது பெரும்பாலும் பிறவியிலேயே வர்றது. 2007ல 8ல இருந்து 11 வயசு வரைக்கும் உள்ள இரட்டைப் பிள்ளைகளை வச்சு பண்ண ஒரு ஆய்வுல, புது சாப்பாட்டு பயத்துல பிள்ளைக்குப் பிள்ளை இருந்த வித்தியாசத்துல சுமார் 78 சதவீதம் மரபணுவால வந்ததுன்னு கணக்கு வந்துச்சு. சாப்பாடு மட்டும் இல்ல, புது இடம் புது ஆளுங்கன்னாலே ஒதுங்கற சுபாவத்தையும் ஜெரோம் கேகன்னு ஒருத்தர் கைக்குழந்தைங்ககிட்டயே பாத்து வருஷக்கணக்கா பின்தொடர்ந்து ஆராய்ச்சி பண்ணியிருக்கார். அதனால "சின்ன வயசுல செல்லம் கொடுத்து கெடுத்துட்டாங்க"ன்னு யாராவது ஆரம்பிச்சா காதுல போட்டுக்காதீங்க. பிறவியில வந்ததுன்னா மாறாதுன்னும் அர்த்தம் இல்ல, மத்தவங்களுக்கு ரெண்டு தடவையில பழகறது நமக்கு பத்து தடவை ஆகலாம், அவ்வளவுதான்.

படி 1: பயத்தை தனித்தனியா பிரிங்க

"எனக்கு அது வேண்டாம்"ங்கற ஒரே வார்த்தைக்குள்ள நாலு வேற வேற விஷயம் ஒளிஞ்சிருக்கும். ஒரு பேப்பர் எடுத்து நீங்க ஒதுக்கற விஷயங்களை எழுதி, ஒவ்வொண்ணு பக்கத்துலயும் இதுல எதுன்னு குறிச்சுக்கோங்க: உடம்புக்கு ஆபத்துன்னு பயமா, அருவருப்பா, ருசி பிடிக்காம போயிடும்னா, இல்ல நாலு பேர் முன்னாடி அசிங்கப்பட்டுடுவோம்னா. ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. கூச்சத்தால சாப்பிடாம இருக்கறவருக்கு அந்தப் பொருளோட சத்து பத்தி லெக்சர் அடிச்சு என்ன ஆகப் போகுது?

உண்மையான ஆபத்தை முதல்ல பாத்துடலாம், ஏன்னா இதுல தைரியம் காட்டவே கூடாது. அலர்ஜி அதிகமா தர்றதுன்னு பொதுவா சொல்ற பொருட்கள் பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலை, பாதாம் முந்திரி மாதிரி கொட்டைங்க, கோதுமை, சோயா, எள். இதுல எதுக்காவது ஏற்கனவே உங்க உடம்பு ரியாக்ட் ஆகியிருந்தா இந்த வழிகாட்டியில உள்ள "கொஞ்சமா ட்ரை பண்ணு" எதுவும் அந்தப் பொருளுக்கு பொருந்தாது, அது டாக்டர் முன்னாடி நடக்க வேண்டிய டெஸ்ட். ஏதாவது சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல உதடோ நாக்கோ வீங்கினா, தொண்டை இறுக்கினா, மூச்சு வாங்கினா, உடம்பெல்லாம் தடிப்போட தலை சுத்தினா, "பாத்துக்கலாம்"னு உக்காராம உடனே ஆஸ்பத்திரி.

தினமும் மாத்திரை சாப்பிடறவங்க ஒரு தடவை டாக்டரையோ மருந்துக்கடைக்காரரையோ கேட்டுக்கோங்க. கிரேப்ஃப்ரூட் (திராட்சை இல்ல, ஆரஞ்சு மாதிரி இருக்கற ஒரு பழம்) சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளோட சேர்ந்தா ரத்தத்துல மருந்து அளவை ஏத்திடும். மனச்சோர்வுக்கு கொடுக்கற எம்ஏஓ தடுப்பான்னு ஒரு பழைய மருந்து வகை இருக்கு, அதை எடுத்துக்கறவங்க நாள்பட்ட சீஸ் சாப்பிட்டா பிரஷர் திடீர்னு எகிறிடும். கர்ப்பமா இருக்கறவங்க பச்சை மீன், பதப்படுத்தாத பால்ல செஞ்ச சீஸ் இதையெல்லாம் ட்ரை பண்றதை தள்ளி வைக்கலாம். காட்டுல பறிச்ச காளான், யார் என்ன சொன்னாலும், நிபுணர் அடையாளம் சொல்லாம வேண்டவே வேண்டாம், சாப்பிடற வகையும் கொல்ற வகையும் பாக்க ஒரே மாதிரி இருக்கும்.

இவ்வளவுதான் ஆபத்து லிஸ்ட். இதுல வராததுக்கெல்லாம் நம்ம மூளை கொடுக்கற அலாரம் பெரும்பாலும் "பழக்கம் இல்ல"ங்கற அலாரம் தான்.

அருவருப்பு பத்தி ஒண்ணு சொல்லணும். சில சாப்பாட்டை நாம வெறுக்கறதுக்கு காரணம் அந்த சாப்பாடே இல்ல. 1955ல ஜான் கார்சியா குழுவினர் எலிங்களுக்கு இனிப்புத் தண்ணி கொடுத்து, அதே நேரத்துல ரேடியேஷன் கொடுத்து உடம்பு சரியில்லாம பண்ணாங்க, அதுக்கப்புறம் அந்த எலிங்க இனிப்புத் தண்ணியையே ஒதுக்கிடுச்சுங்க. தண்ணி மேல ஒரு குத்தமும் இல்ல. மனுஷங்களுக்கும் இதேதான், காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி நாள் சாப்பிட்டது, பஸ்ல வாந்தி எடுக்கறதுக்கு முன்னாடி சாப்பிட்டது, இதெல்லாம் வருஷக்கணக்கா குமட்டும். உங்க லிஸ்ட்ல இப்படி ஒண்ணு இருந்தா அதை கடைசிக்கு தள்ளுங்க, அதோட ஆரம்பிக்காதீங்க. உடம்பு சரியில்லாத நாள்ல, பயணத்துக்கு முன்னாடி, தூக்கம் இல்லாத நாள்ல புது ஐட்டம் எதையும் தொடக்கூடாதுங்கறதுக்கும் இதுதான் காரணம். அந்த நாளோட கஷ்டம் பூரா பாவம் அந்த சாப்பாடு மேல விழும்.

படி 2: ஏணி போடுங்க

பயத்தை கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி பழக்கற முறையை 1958ல ஜோசஃப் வோல்ப்ங்கற மருத்துவர் தன்னோட புத்தகத்துல விளக்கினார், இன்னிக்கும் பய சிகிச்சைக்கு அதோட அடிப்படை உபயோகத்துல இருக்கு. உங்க லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 100க்குள்ள ஒரு மார்க் போடுங்க. 0ன்னா சோஃபால படுத்திருக்கற மாதிரி, 100ன்னா ஓடியே போயிடுவேன். 30, 40 மார்க் வாங்கினதுல ஆரம்பிங்க. 10ல ஆரம்பிச்சா ஒண்ணும் கத்துக்க மாட்டீங்க, 80ல ஆரம்பிச்சா அடுத்த ஆறு மாசம் எதையும் தொட மாட்டீங்க.

சாப்பாட்டுல ஏணி போடறதுக்கு ஒரு சுலபமான விதி: ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயம்தான் மாறணும். ருசி, வாயில படற பதம், சூடு, நிறம், சாப்பிடற இடம், கூட இருக்கற ஆளுங்க, இதுல ஒண்ணு புதுசுன்னா மீதி எல்லாம் பழசா இருக்கட்டும். உங்களுக்கு காளான் பயம்னு வச்சுக்குவோம். நெறைய பேருக்கு காளான்ல பிரச்சனை ருசியே இல்ல, அந்த வழுவழுப்பு. அப்போ முழுசா வேக வச்ச காளானோட ஏன் மல்லுக்கட்டணும்? ரொம்ப பொடியா நறுக்கி, தண்ணி வத்தி ஓரம் முறுகற வரைக்கும் வதக்கி, நீங்க ஏற்கனவே சாப்பிடற ஏதோ ஒண்ணுல கலந்து ஆரம்பிங்க. அடுத்து கொஞ்சம் பெரிய துண்டு. அடுத்து தனியா. ஒவ்வொரு படிக்கும் நடுவுல எத்தனை நாள் வேணாலும் எடுத்துக்கலாம். பதம்தான் வில்லன்னு கண்டுபிடிச்சுட்டா பாதி லிஸ்ட் அப்படியே சுருங்கிடும், "தக்காளி பிடிக்காது"ன்னு சொல்றவங்கள்ல எத்தனை பேர் தக்காளி சாஸ் சாப்பிடறாங்கன்னு பாருங்க.

இதுல ஒரு எச்சரிக்கை, கலந்து சாப்பிடறது நீங்களா தெரிஞ்சு பண்றதா இருக்கணும். வீட்டுல ஒருத்தர் "உனக்குத் தெரியாம போட்டேன், நல்லாத்தானே சாப்பிட்ட"ன்னு சொல்றது இருக்கே, அது நம்பிக்கையை மொத்தமா காலி பண்ற வேலை. அப்புறம் அவங்க செஞ்ச பழைய ஐட்டத்தையும் சந்தேகமா கிளறிப் பாக்க ஆரம்பிப்போம்.

படி 3: என்ன நடக்கும்னு நினைக்கறீங்களோ அதை முன்னாடியே எழுதுங்க

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச படி, லிஸ்ட் போடற ஆளுங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். ட்ரை பண்றதுக்கு முன்னாடி ரெண்டு வரி: "வாயில வச்சதும் குமட்டும், துப்பிடுவேன், 70 சதவீதம் நிச்சயம்." ட்ரை பண்ணப்புறம் ரெண்டு வரி: நிஜமா என்ன ஆச்சு? பய சிகிச்சையில இப்பல்லாம் மிஷேல் க்ராஸ்க் மாதிரி ஆராய்ச்சியாளர்கள் அழுத்திச் சொல்றது இதைத்தான், பயம் குறையறதை விட "நான் நினைச்சது நடக்கல"ங்கற ஆச்சரியம் தான் மூளைக்கு நல்லா பதியுதாம். எழுதி வைக்கலைன்னா அந்த ஆச்சரியம் கிடைக்காது, ஏன்னா நாம அப்புறமா "நான் அவ்வளவா ஒண்ணும் பயப்படலையே"ன்னு கதையை மாத்திடுவோம்.

எழுதும்போது "நல்லா இருக்காது"ன்னு பொதுவா எழுதாதீங்க. சரிபாக்கற மாதிரி எழுதுங்க. "வயிறு வலிக்கும்", "அழுதுடுவேன்", "எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க". சில சமயம் நீங்க நினைச்சதே நடக்கும், அதுவும் தகவல்தான், நடந்ததைத் தாங்க முடிஞ்சுதா இல்லையான்னு மூணாவதா ஒரு வரி சேத்துக்கோங்க.

படி 4: முதல் கடி

இடமும் நேரமும் முதல்ல. லேசா பசி இருக்கணும், ரொம்ப பசி வேண்டாம், அப்போ எரிச்சல்தான் வரும். பக்கத்துல பழகின சாப்பாடு ஒண்ணு நிறைய இருக்கணும், இது பிடிக்கலைன்னா பட்டினிங்கற நிலைமை வரவே கூடாது. யாரும் உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு "எப்படி இருக்கு எப்படி இருக்கு"ன்னு கேக்கக்கூடாது. துப்பறதுக்கு ஒரு டிஷ்யூ கையில இருக்கட்டும். சிரிக்காதீங்க, துப்ப வழி இருக்குன்னு தெரிஞ்சாலே பாதி பேர் துப்பறதில்ல.

இப்போ உதாரணத்துக்கு உப்புத் தண்ணியில ஊற வச்ச பச்சை ஆலிவ் ஒண்ணை எடுத்துக்குவோம், பயந்த ஆளுங்களுக்கு இது நல்ல எதிராளி, உப்பு, கசப்பு, எண்ணெய்ப் பதம் எல்லாம் ஒரே நேரத்துல வந்து விழும். முதல்ல தண்ணியில அலசுங்க, மேல இருக்கற உப்பு கொஞ்சம் போகட்டும். கொட்டை இருந்தா எடுத்துட்டு நாலா நறுக்குங்க, ஒரு கால் துண்டு மட்டும் தட்டுல. மோந்து பாருங்க. வாசனை தூக்கலா இருந்தா பத்து செகண்ட் விட்டு திரும்ப மோந்து பாருங்க, ரெண்டாவது தடவை கொஞ்சம் அடங்கி இருக்கும், மூக்கு அவ்வளவு சீக்கிரம் பழகிக்கும். அப்புறம் நாக்கு நுனியில தொட்டு எடுங்க. உப்புதான் தெரியும். வேணும்னா இன்னிக்கு இதோட நிறுத்திக்கலாம், இதுவும் கணக்குதான். தொடரணும்னா மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முன் பல்லால கடிச்சு மெல்லுங்க. நாக்குக்குத் தெரியறது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (சூப், காளான்ல வர்ற அந்த ஆழமான ருசி) இந்த அஞ்சுதான், மீதி நாம "ருசி"ன்னு சொல்றது பெரும்பாலும் வாய்க்குப் பின்னாடி வழியா மூக்குக்குப் போற வாசனை. அதனால மூக்கைப் பிடிச்சிருக்கற வரைக்கும் ஏதோ உப்பான, கொஞ்சம் கெட்டியான ஒண்ணு, அவ்வளவுதான் தெரியும். பதம் பழகினதும் மூக்கை விடுங்க, அப்போ தான் ஆலிவ் முழுசா வரும். எது தொந்தரவு பண்ணுதுன்னு உங்களுக்கே துல்லியமா தெரிஞ்சுடும், பதமா, வாசனையா, உப்பா. "எனக்குப் பிடிக்கல"ங்கறதை விட "அந்த பின்கசப்பு பிடிக்கல"ங்கறது ரொம்ப உபயோகமான தகவல், அடுத்த தடவை கசப்பு கம்மியான வகையைத் தேடலாம், இல்ல ரொட்டியோட சேத்து சாப்பிடலாம்.

முழுங்கறதா துப்பறதா உங்க இஷ்டம். தண்ணி குடிச்சு பழகின சாப்பாட்டை சாப்பிட்டு முடிங்க, வாயில கடைசியா நிக்கற ருசி நல்லதா இருக்கட்டும்.

"பாத்தாலே பழகிடுமே, ஏன் வாயில வைக்கணும்"னு சிலருக்குத் தோணும். 1987ல லீன் பர்ச் குழுவினர் சின்னப் பிள்ளைங்களுக்கு சில புது பழங்களை பாக்க மட்டும் கொடுத்தாங்க, சிலதை ருசிக்கவும் கொடுத்தாங்க. பாக்க மட்டும் கொடுத்த பழத்துல தோற்றம் மேலதான் பிரியம் கூடுச்சு, ருசி பிடிக்கணும்னா ருசிச்சே ஆகணும்னு தெரிஞ்சுது. வீடியோ பாக்கறது, ஃபோட்டோ பாக்கறது எல்லாம் ஏணியோட கீழ் படிக்கு ஓகே, அங்கயே குடித்தனம் பண்ணக்கூடாது.

படி 5: திரும்பத் திரும்ப, சின்னச் சின்னதா

இதுலதான் எல்லாரும் விட்டுடுவாங்க. ஒரு தடவை ட்ரை பண்ணி "ச்சே"ன்னு வந்துச்சுன்னா "பாத்தியா, எனக்கு முன்னாடியே தெரியும்"னு ஃபைலை மூடிடறது. அந்த ஃபைலை மூடாதீங்க. ஒரு விஷயத்தை சும்மா திரும்பத் திரும்ப எதிர்கொண்டாலே அது மேல பிரியம் கூடும்னு ராபர்ட் ஸாயான்ஸ் 1968ல காட்டினார். சின்னப் பிள்ளைங்க ஒரு புது சாப்பாட்டை ஏத்துக்க 8ல இருந்து 15 தடவை வரைக்கும் ஆகலாம்னு பிள்ளை வளர்ப்பு ஆலோசனையில சொல்வாங்க. பெரியவங்களுக்கு இப்படி ஒரு நம்பர் கிடையாது, ஆனா ஒரே ஒரு தடவை பத்தாதுங்கறது நிச்சயம். காபியை நினைச்சுப் பாருங்க, முதல் வாய் கறுப்புக் காபி யாருக்குமே இனிக்கல.

நடைமுறையில நான் சொல்றது வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை, ஒரு கடி அளவு, வேற வேற சமையல்ல. தினமும் வேண்டாம், அது வேலை மாதிரி ஆகி எரிச்சல் வரும். தட்டு பூரா போட்டுக்கிட்டு "இன்னிக்கு முடிச்சே தீருவேன்"னு உக்காரவும் வேண்டாம். சின்ன வயசுல கட்டாயப்படுத்தி ஊட்டினதைப் பத்தி கல்லூரி மாணவர்கள்கிட்ட 2002ல ஒரு ஆய்வுல கேட்டப்போ, கட்டாயத்துல சாப்பிட்டதை இன்னிக்கும் தொட மாட்டோம்னு தான் பெரும்பாலானவங்க சொன்னாங்க. உங்களை நீங்களே கட்டாயப்படுத்தினாலும் அதே கதைதான்.

எப்போ நிறுத்தலாம்? பல வாரம், பல சமையல், நல்ல மூட்ல ட்ரை பண்ணியும் அதே வெறுப்பு இருந்தா கை கழுவிடுங்க, மனசாட்சி உறுத்தவே வேண்டாம். சிலதுக்கு உடம்புலயே காரணம் இருக்கு. டாஸ்2ஆர்38னு ஒரு மரபணு இருக்கு, அதோட வகையைப் பொறுத்து சிலருக்கு ப்ராக்கோலி, முட்டைக்கோஸ் குடும்பத்துல இருக்கற கசப்பு மத்தவங்களை விட ரொம்ப தூக்கலா தெரியும். கொத்தமல்லித் தழை சிலருக்கு சோப்பு மாதிரி இருக்கறதுக்கும் வாசனை அறியற மரபணு ஒண்ணோட தொடர்பு இருக்கு. உங்களுக்குத் தெரியற ருசியே வேற, அப்புறம் எதுக்கு சண்டை.

மிளகாய் மட்டும் கொஞ்சம் தனி கேஸ். காரம் ருசி கிடையாது, அது வலி. சூட்டை உணர்ற அதே நரம்பு வாசலை மிளகாயில இருக்கற கேப்சைசின் திறந்துடுது, 1997ல இதைக் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021ல நோபல் பரிசு கிடைச்சுது. உடம்பு எரியுதுன்னு நினைக்குது, ஆனா எரியல. காரத்தைப் பழகறவங்க ரொம்ப மெதுவா அளவு ஏத்துங்க, தாங்கலைன்னா தண்ணியை விட பால் கேக்கும், கேப்சைசின் தண்ணியில கரையாது.

படி 6: சாப்பாட்டைத் தாண்டி

புது அனுபவத்துக்கும் அதே ஏணி, அதே ரெண்டு வரி, அதே "முதல் தடவைக்கு தீர்ப்பு இல்ல" விதி. ஒரே ஒரு வித்தியாசம், இங்க "ஒரு கடி" எதுன்னு நீங்களே வெட்டி எடுக்கணும்.

பெரியவங்க ஆனப்புறம் நீச்சல் கத்துக்கறதை எடுத்துக்குவோம். "அடுத்த வாரம் கிளாஸ்ல சேர்றேன்"ங்கறது ஒரு முழுத் தட்டு. முதல் கடி என்னன்னா அந்த நீச்சல் குளத்துக்கு போய் சும்மா அரை மணி நேரம் ஓரமா உக்காந்து பாக்கறது. டிரஸ் எங்க மாத்தறாங்க, பை எங்க வைக்கறாங்க, ஆழம் எங்க எழுதியிருக்கு, எந்த நேரத்துல கூட்டம் கம்மி, உங்க வயசுல எத்தனை பேர் கத்துக்க வர்றாங்க. நமக்கு பயம் கொடுக்கறதுல பாதி இந்த சில்லறை விஷயங்கள்தான், தண்ணி இல்ல. அடுத்த தடவை விளிம்புல உக்காந்து காலை மட்டும் தண்ணியில விடுங்க. அப்புறம் ஆழம் இல்லாத பக்கம், சொல்லித் தர்றவர் பக்கத்துல இருக்க, சுவரைப் பிடிச்சுக்கிட்டு நெஞ்சளவு தண்ணியில நிக்கறது. அதுக்கு மேல தான் மூஞ்சியை உள்ள விடறது, பெரும்பாலானவங்களுக்கு மார்க் திடீர்னு 80க்கு ஏறற இடம் இதுதான். மூஞ்சியை விட்டதும் மூச்சைப் பிடிச்சுக்காம மூக்கு வழியா மெதுவா குமிழி விடுங்க, காத்து வெளிய போயிட்டிருக்கற மூக்குக்குள்ள தண்ணி ஏறாது. இது கைவந்துட்டா மத்ததெல்லாம் டெக்னிக் தான். தனியா மட்டும் தண்ணியில இறங்காதீங்க, எவ்வளவு ஆழம் கம்மியா இருந்தாலும் சரி, படி 1ல சொன்ன நிஜ ஆபத்து லிஸ்ட்ல இதையும் சேத்துக்கோங்க.

இங்க முக்கியமான ஒரு நுணுக்கம், எப்போ வெளிய வர்றீங்கங்கறது. பயம் உச்சத்துல இருக்கறப்ப ஓடி வந்துட்டீங்கன்னா "அப்பாடா"ன்னு ஒரு நிம்மதி வரும் பாருங்க, அந்த நிம்மதி தான் அடுத்த தடவை போக விடாம தடுக்கறது, ஓடினதாலதான் தப்பிச்சோம்னு மூளை கணக்கு எழுதிக்கும். அதனால முன்னாடியே ஒரு குறைஞ்சபட்ச நேரம் வச்சுக்கோங்க. "இருபது நிமிஷம் இருப்பேன், அதுக்கப்புறம் பிடிக்கலைன்னா யாருக்கும் விளக்கம் சொல்லாம கிளம்பிடுவேன்." கிளம்ப வழியும் இருக்கணும், வண்டி சாவி உங்க கையில, இல்ல திரும்பற பஸ் நேரம் தெரிஞ்சு. கதவு திறந்திருக்குன்னு தெரிஞ்ச அறையில உக்காரறது சுலபம்.

நெஞ்சு படபடன்னு அடிக்கறதுக்கு ஒரு சின்ன தந்திரம். அமைதியா இரு அமைதியா இருன்னு உங்களுக்கு நீங்களே சொல்லிக்கறதை விட "ஆர்வமா இருக்கேன்"னு சொல்லிப் பாருங்க. ஆலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014ல வெளியிட்ட ஆய்வுல, அப்படி சொல்லிக்கிட்டவங்க பாட்டு பாடறது, மேடையில பேசறது இதெல்லாம் இன்னும் நல்லா பண்ணாங்க. படபடப்பும் ஆர்வமும் உடம்புக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான், பேரு மட்டும் மாத்தறோம், அதனால பொய் சொல்ற மாதிரியும் தோணாது.

"எல்லாரும் என்னையே பாப்பாங்க"ங்கறதுக்கு 2000ல ஒரு வேடிக்கையான ஆய்வு வந்துச்சு. மாணவர்களை கூச்சமான படம் போட்ட ஒரு டி ஷர்ட்டை மாட்டிக்கிட்டு ஆளுங்க இருக்கற ரூமுக்குள்ள போகச் சொன்னாங்க. பாதி பேராவது கவனிச்சிருப்பாங்கன்னு போட்டவங்க நினைச்சாங்க, நிஜத்துல கவனிச்சது அதுல பாதி கூட்டம்தான், நாலுல ஒருத்தர். உங்க முதல் டான்ஸ் கிளாஸ்ல மீதிப் பேர் அவங்கவங்க காலைத்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க.

படி 7: கூட இருக்கறவங்களை சமாளிக்கறது

சத்தியமா சாப்பாட்டை விட இது கஷ்டம். ரெண்டு வகை ஆளுங்க வருவாங்க. ஒருத்தர் "சும்மா ட்ரை பண்ணுப்பா, ஒண்ணும் ஆகாது"ன்னு தட்டுல அள்ளிப் போடறவர். இவர்கிட்ட காரணம் சொல்லக்கூடாது, சொன்னா அது விவாதம் ஆயிடும். "நானே எடுத்துக்கறேன், மெதுவாத்தான் வருவேன்"னு சிரிச்சுக்கிட்டே ஒரே வாக்கியத்தை திரும்பத் திரும்ப சொல்லுங்க, மூணாவது தடவைக்கு விட்டுடுவாங்க. இன்னொருத்தர் "அவனா? அவன் எதையும் தொட மாட்டான்"னு உங்களுக்கு முன்னாடியே பதில் சொல்றவர். இவர்தான் ஜாஸ்தி ஆபத்து, ஏன்னா நீங்க ட்ரை பண்ண கை நீட்டறப்ப "அட, அதிசயம்"னு ஊரையே கூப்பிடுவார், கை தானா பின்னாடி வந்துடும். இவர்கிட்ட தனியா சொல்லி வைங்க, "நான் ஏதாவது புதுசா எடுத்தா கண்டுக்காத, அதுவே பெரிய உதவி"ன்னு.

உங்களுக்கு வேண்டிய ஆள் மூணாவது வகை. தானும் சாப்பிட்டுக்கிட்டு, உங்க ப்ளேட்டைப் பாக்காம, கேட்டா மட்டும் சொல்றவர். அப்படி ஒருத்தர் இருந்தா வெளிய சாப்பிடப் போறப்ப புது ஐட்டத்தை அவர் ஆர்டர் பண்ணட்டும், நீங்க உங்க வழக்கமானதை ஆர்டர் பண்ணிக்கிட்டு அவர் தட்டுல இருந்து ஒரு ஸ்பூன் வாங்கிக்கோங்க. காசும் வீணாகல, பட்டினியும் இல்ல. என்னைக் கேட்டா இதை விட நல்ல ஏற்பாடு கிடையாது.

படி 8: விட்டுப் போச்சுன்னா

நடுவுல ஒரு காய்ச்சல், வேலை மாத்தம், வீட்டுல ஏதாவது பிரச்சனைன்னு வந்தா பழையபடி நாலு ஐட்டத்துக்குள்ள சுருங்கிடுவோம். டென்ஷன்ல இருக்கற மனசு தெரிஞ்சதைத்தான் தேடும், அது இயல்பு. அந்த நேரத்துல புதுசு எதுவும் வேண்டாம், தெரிஞ்சதையே நிம்மதியா சாப்பிடுங்க. நிலைமை சரியானப்புறம் விட்ட இடத்துல இருந்து தொடங்காம ரெண்டு படி கீழ இறங்கி தொடங்குங்க, ஒரு தடவை பழகினது ரெண்டாவது தடவை வேகமா பழகும். ஒரே நேரத்துல சாப்பாட்டுல ஒண்ணு, அனுபவத்துல ஒண்ணுக்கு மேல ஏணியில வைக்காதீங்க.

"எப்போ செய்வேன்"ங்கறதையும் முடிச்சுப் போட்டு வைங்க. "ஏதாவது புதுசா ட்ரை பண்ணணும்"னு பொதுவா நினைச்சா நடக்கவே நடக்காது. "சனிக்கிழமை மார்க்கெட் போனா, இதுவரைக்கும் வாங்காத ஒரு பழம் ஒண்ணே ஒண்ணு வாங்குவேன்"ன்னு எப்போ, எங்க, என்னன்னு சேத்து எழுதிட்டா நடக்க வாய்ப்பு ஜாஸ்தி.

இது வெறும் உஷார் சுபாவம் இல்லைன்னா

சாப்பிடற ஐட்டங்கள் வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வருது, எடை இறங்குது, ரத்தசோகை மாதிரி சத்துக்குறைவு வருது, தொண்டையில சிக்கிடுமோன்னு திட உணவையே நிறுத்திட்டீங்க, சாப்பாடு காரணமா விசேஷம், பயணம் எதுக்குமே போறதில்லைன்னா ஏணி எல்லாம் நீங்களே போட்டுக்கிட்டு இருக்காதீங்க. உடம்பு எடை, தோற்றம் பத்தின கவலையே இல்லாம சாப்பாட்டை ஒதுக்கற இந்த நிலைக்கு ஏஆர்எஃப்ஐடின்னு 2013ல இருந்து மனநல மருத்துவக் கையேட்டுல தனி இடம் இருக்கு, பெரியவங்களுக்கும் வரும். முதல்ல பொது மருத்துவர்கிட்ட ரத்தப் பரிசோதனை, அப்புறம் உணவு ஆலோசகர், மனநல ஆலோசகர். போறப்ப படி 1லயும் 3லயும் எழுதின பேப்பரை கையோட எடுத்துட்டு போங்க, எதை சாப்பிடறீங்க எதை சாப்பிடலை, எது பதத்தால, எது பயத்தாலன்னு அதுலயே இருக்கும், டாக்டர் முன்னாடி உக்காந்து யோசிச்சு முழிக்க வேண்டியதில்ல.